தலையணை வரைக்கும்தான் வந்தேன்

ஜனவரி பிறந்தால் எங்கள் சபையில் பாதிப் பேர் கையில் அந்த அட்டவணை வந்துவிடும். வார நாட்களில் மூன்று அதிகாரம், ஞாயிற்றுக்கிழமை ஐந்து, டிசம்பருக்குள் 1189 அதிகாரமும் முடிந்து வேதாகமம் 'ஒரு சுற்று'. நானும் வருஷக்கணக்கில் சிவப்புப் பேனாவால் டிக் அடித்தவன்தான். பிப்ரவரியில் லேவியராகமத்தில் மூச்சு வாங்கும், விட்டுப்போனதையெல்லாம் ஜூனில் பஸ்ஸில் உட்கார்ந்து ஓட்டுவேன், சங்கீதம் 119-இன் 176 வசனத்தையும் ஒருமுறை காபி ஆறுவதற்குள் முடித்திருக்கிறேன். என்ன வாசித்தேன் என்று அன்று மத்தியானம் கேட்டிருந்தால் முழித்திருப்பேன்.

முழு வேதத்தையும் வாசிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வாசித்து முடிப்பதையே பக்தி என்று நினைத்துக்கொண்டோம். இல்லையென்றால் இன்னொரு கோடி: புத்தாண்டு ஆராதனையில் ஒரே ஒரு வசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டை எடுத்து, முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்றே பார்க்காமல் பிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுவது.

12ஆம் நூற்றாண்டில், பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில் இருந்த கார்த்தூசியன் மடத்தின் தலைவர் இரண்டாம் கிகோ, தன் சகோதரத் துறவிக்கு ஒரு கடிதம் எழுதினார். லெக்சியோ திவினா என்கிற பழைய வாசிப்பு முறையை அதில் நாலு படி ஏணியாகச் சொல்கிறார்: வாசிப்பு, தியானம், ஜெபம், கடைசியில் பேச்சு நின்றுபோய் கர்த்தர் முன்னால் சும்மா இருப்பது. வாசிப்பு உணவை வாயில் வைக்கிறது, தியானம் அதை மெல்லுகிறது, ஜெபம் ருசியைப் பிடிக்கிறது, நாலாவது அந்த இனிப்பேதான் என்கிறார். "இருதயத்தில் சுத்தமுள்ளவர்கள் பாக்கியவான்கள்" என்ற ஒரே வசனத்தைத் திராட்சைப் பழம் மாதிரி எடுத்து, உடம்பில் சுத்தமுள்ளவர்கள் என்று சொல்லாமல் இயேசு ஏன் இருதயத்தில் என்றார் என்று அங்கேயே நின்றுவிடுகிறார். நாம் அதற்குள் அந்த வசனம் வருகிற மலைப்பிரசங்கத்தையே முடித்திருப்போம்.

இதைச் சொன்னதும் எங்கள் சித்தி, "அது ஆர்.சி.காரங்க, ரோமன் கத்தோலிக்கர் முறை ஆச்சே" என்றார். சித்தி, லூத்தர் வந்து நம்ம புராட்டஸ்டண்ட் சபைகள் பிரிவதற்கு முந்நூறு வருஷத்துக்கும் முன்னால் எழுதினது இது, அப்போது நாம் எல்லோரும் ஒரே வீடுதான். அதுவும் போக, "இரவும் பகலும் அவருடைய வேதத்தில் தியானமாயிருக்கிற மனுஷன்" என்று முதலாம் சங்கீதத்தில் படிக்கிறோமே, அந்தத் தியானத்துக்கு எபிரெயத்தில் இருக்கிற சொல் வாய்க்குள் முணுமுணுப்பதையும் குறிக்கும். ஏசாயா 31-இல் இரையைப் பிடித்துக்கொண்டு உறுமுகிற சிங்கத்துக்கும் அதே சொல்தான். கண்ணை மூடி மனசைக் காலியாக்குகிற வேலை இல்லை இது. எங்கள் ஆச்சி எழுத்துக்கூட்டி, வரியில் விரலை வைத்து, உதடு அசைய வாசிப்பார். ஒரு வரியை மூன்று தடவை வாசிப்பார். சரியாகப் படிக்கத் தெரியாமல்தான் அப்படி என்று சின்ன வயதில் சிரித்திருக்கிறேன்.

போன வருஷம் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது வராந்தா பெஞ்சில் மாற்கு 4-ஐத் திறந்தேன், புயலில் இயேசு படகில் தூங்குகிற இடம். அட்டவணைப்படி மூன்று அதிகாரம் பாக்கி. "கப்பலின் பின்னணியத்தில் அவர் தலையணையை வைத்து நித்திரையாயிருந்தார்." எத்தனை தடவை தாண்டிப் போன வசனம்! அன்று தலையணையைத் தாண்ட முடியவில்லை. மத்தேயுவிலும் லூக்காவிலும் இதே புயல் இருக்கிறது, தலையணை இல்லை. படகுக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது, மனிதர் தலைக்கு வைத்துப் படுத்திருக்கிறார். எனக்கு ஆறுதல் வரவில்லை, உண்மையைச் சொன்னால் கோபம்தான் வந்தது. அடுத்த வரியில் சீஷர்களே அதைக் கேட்டுவிட்டார்கள்: "நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா?" அதையே திரும்பத் திரும்ப வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். எப்போது அது வாசிப்பாக இருந்தது, எப்போது ஜெபமானது என்று தெரியாது. கிகோவின் நாலாவது படிக்கெல்லாம் போகவில்லை, நர்ஸ் வந்து மருந்துச் சீட்டை நீட்டியதும் எழுந்துவிட்டேன்.

அன்றைக்கு டிக் அடிக்கவில்லை. அந்த அட்டவணை இன்னும் மாற்கு 4-இல்தான் நிற்கிறது, சித்திக்குத் தெரியாது.