அடுப்புக்குப் பெட்ரோலா?

மலையேற்றத்துக்கென்று திரவ எரிபொருள் அடுப்பு ஒன்றை வாங்கி வைத்திருப்பவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. நேற்று மாலை பெட்ரோல் பங்கில் எனக்கு நடந்தது உங்களுக்கும் நடந்திருக்கும். நடக்கவில்லையென்றால் கூடிய சீக்கிரம் நடக்கும். நான் கேட்டது அரை லிட்டர். கொண்டுபோனது பெட்ரோலுக்கென்றே செய்யப்பட்ட, கனத்த அலுமினியத்தாலான, திருகுமூடி போட்ட சிவப்புப் புட்டி. கிடைத்தது அறிவுரை மட்டும், அதுவும் அளவில்லாமல்.

"பாட்டில்ல பிடிக்கக் கூடாது சார்" என்று பங்க் ஊழியர் தூணில் தொங்கிய அறிவிப்புப் பலகையைக் காட்டினார். விதி என்றால் விதிதான் என்று திரும்பியிருப்பேன். அந்த நேரம் பார்த்து, வழியில் வண்டி நின்றுபோன ஓர் இளைஞர், லேபிள்கூடக் கிழிக்காத குளிர்பானப் பிளாஸ்டிக் பாட்டிலோடு ஓடிவந்தார். மறுபேச்சில்லாமல் அதில் ஒரு லிட்டர் நிரப்பப்பட்டது. மூடி சரியாகப் பொருந்தாததால் ஒரு துண்டு பாலித்தீன் கவரை வாயில் சுற்றி இறுக்கிக் கொடுக்கும் உபகாரமும் நடந்தது. இது மட்டும் பாட்டில் இல்லையா என்று கேட்டேன். "அவருக்கு வண்டி நின்னுபோச்சு சார்" என்றார் ஊழியர். ஆக, வண்டி நின்றுபோனவன் கையில் இருந்தால் பெட்ரோலுக்குத் தீப்பிடிக்கும் குணம் போய்விடுகிறது; இந்த வேதியியல் எனக்குத் தெரியாமல் போயிற்று.

பிறகு மேலாளர் வந்தார். புட்டியை வாங்கித் தட்டிப் பார்த்தார், குலுக்கிப் பார்த்தார், வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, இது ஃபயர் எக்ஸ்டிங்குஷரா என்று கேட்டார். அடுப்புக்கான எரிபொருள் புட்டி என்றேன். "அடுப்புக்குப் பெட்ரோலா?" என்று அவர் எழுப்பிய குரலில், காற்றடித்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள். அதற்குமேல் என் அடுப்பு ஊர்ப் பொதுச்சொத்தாகிவிட்டது. ஸ்கூட்டரில் இருந்த பெரியவர் ஒருவர், "இண்டக்‌ஷன் வாங்கிக்கோ தம்பி, இப்போ மலிவா கிடைக்குது" என்று பரிவோடு சொன்னார். இமயமலையின் ஸ்பிட்டிப் பள்ளத்தாக்கில் கூடாரத்துக்குள் எந்தப் பிளக்கில் அதைச் செருகுவது என்று அவர் சொல்லவில்லை. அவர் வயதைப் பார்த்தால் அவர் வீட்டு அடுக்களையிலும் ஒரு காலத்தில் பம்ப் ஸ்டவ் இரைந்திருக்கும். எண்ணெய் பீய்ச்சும் நாசில் அடைத்துக்கொண்டபோது அவரும் ஸ்டவ் ஊசியால் குத்தியிருப்பார். 1892இல் ஸ்டாக்ஹோமில் லிண்ட்குவிஸ்ட் என்பவர் தொடங்கிவைத்த அதே பிரைமஸ் ஸ்டவ் வித்தைதான் இதுவும்: காற்றை அடித்து அழுத்தம் ஏற்றி, எண்ணெயைச் சூட்டில் ஆவியாக்கி, நுண்ணிய துளை வழியே பீய்ச்சி எரிப்பது. அதைச் சொன்னால் கேட்பார் யார்?

மேலாளர் முதலில் காவல் நிலையத்திலிருந்து கடிதம் வாங்கிவரச் சொன்னார். 1934ஆம் ஆண்டின் பெட்ரோலியம் சட்டம், விற்பனைக்கு அல்லாமல் 30 லிட்டர் வரை பெட்ரோலை உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ள அனுமதிக்கிறது என்றும், அது கண்ணாடி, பீங்கான், உலோகம் ஆகியவற்றாலான, இறுக மூடிய கலனில் இருக்க வேண்டும் என்கிறது என்றும், பிளாஸ்டிக் அந்தப் பட்டியலிலேயே இல்லை என்றும் நான் சொன்னேன். எனக்கு விற்றே தீர வேண்டும் என்று சட்டம் கட்டளையிடவில்லைதான்; ஆனால் சட்டம் சொல்லும் கலனைத் திருப்பி அனுப்பிவிட்டுச் சொல்லாத கலனுக்குப் பாலித்தீன் கட்டிக் கொடுப்பது என்ன நியாயம்? "அதெல்லாம் வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் சார்" என்று அவர் முடித்துக்கொண்டார். மனம் பொறுக்காத ஊழியர், கிளம்பும்போது காதருகே வந்து வழி சொன்னார்: "வண்டியில போட்டுட்டுப் போங்க, வீட்ல ட்யூப் வச்சு வாயால உறிஞ்சி எடுத்துக்கலாம்." பாதுகாப்பு விதி கடைசியில் என் வாய்க்குள் பெட்ரோலை ஊற்றும் இடத்தில் வந்து நிற்கிறது.

இவ்வளவுக்குப் பிறகு கிடைக்கும் பெட்ரோலாவது அடுப்புக்கு உகந்ததா? இப்போது பங்கில் வருவதில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெப்பம் குறைவு. போதாததற்கு அது காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். வண்டிக்கென்று சேர்க்கும் மற்ற மருந்துகள் எரிந்து கசடாகி நாசிலை அடைக்கும். அடுப்போடு வந்த கையேடு இதையெல்லாம் அறிந்துதான், மருந்து எதுவும் சேர்க்காத, தூய்மையாக எரியும் நாப்தா என்ற லேசான பெட்ரோலிய எண்ணெயே முதல் தேர்வு, மண்ணெண்ணெய் அடுத்தது, வண்டிப் பெட்ரோல் வேறு வழியில்லாதபோது என்று வரிசைப்படுத்துகிறது. அமெரிக்காவில் கோல்மன் கம்பெனியின் நாப்தா டப்பாவைக் கடை அலமாரியிலிருந்து எடுத்து வருகிறவனுக்காக எழுதிய வரிசை அது. நம் ஊரில் அந்தச் சரக்கு, சிகரெட் லைட்டருக்கு ஊற்றும் சின்ன டப்பாவில்தான் என் கண்ணில் பட்டிருக்கிறது. அதை வாங்கி ஒரு குண்டான் சோறு வடிப்பதற்குள் சொத்தை எழுதிவைக்க வேண்டிவரும்.

சரி, மண்ணெண்ணெய். எங்கள் வீட்டில் இரண்டு சிலிண்டர் என்பதால் ரேஷன் அட்டைக்கு ஒரு சொட்டும் கிடையாது. அது நியாயம், அதில் கைவைக்கவும் மாட்டேன். காசு கொடுத்து வெளியில் வாங்கலாம் என்றால், பேரலாக வேண்டுமா என்கிறார்கள். பெயிண்ட் கடைக்காரர் ஒருவர், தின்னரும் அதுவும் ஒன்றுதான் என்று என்னிடம் சத்தியம் செய்தார். டொலுயீன் என்ற நச்சுத் திரவம் கலந்த தின்னரைக் கூடாரத்து வாசலில் எரித்து அதன்மேல் கஞ்சி வைத்துக் குடிக்கச் சொன்ன அந்த நல்ல மனிதர் நீடூழி வாழ்க. தப்பித்தவறி மண்ணெண்ணெய் கிடைத்துவிட்டாலும், நாசிலைக் கழற்றி மாற்ற வேண்டும். பல எரிபொருளையும் ஏற்கும் ஆம்னிஃப்யூவல் என்ற இந்த அடுப்பில் பெட்ரோலுக்கு 0.37 மி.மீ. துளை, மண்ணெண்ணெய்க்கு 0.28. மாற்றிவிட்டு, பர்னர் சூடேறும்வரை கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றி எரிக்க வேண்டும். அவசரப்பட்டால் மஞ்சள் தீ ஓராள் உயரத்துக்கு எழும்பும், பாத்திரத்தின் அடி அட்டக்கரியாகும். எரிய ஆரம்பித்துவிட்டால் அதன் சூட்டுக்கு ஈடில்லை என்பதால்தான் இத்தனையையும் சகித்துக்கொள்கிறோம்.

'கேஸ் டப்பா வாங்கிக்கொள்ளேன்' என்று சொல்ல வாயெடுப்பவர்களுக்கு: நம் ஊரில் மலிவாகக் கிடைக்கும் டப்பாவில் இருப்பது பெரும்பாலும் பியூட்டேன், அது −0.5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஆவியாக மறுத்துவிடும். விடியற்காலையில் எழுந்து அந்த டப்பாவைச் சட்டைக்குள் வைத்துக் கைக்குழந்தையைப் போலச் சூடேற்றிப் பாருங்கள், பிறகு பேசுவோம்.

"போற இடத்துல பிடிச்சுக்குங்க" என்பது மேலாளரின் கடைசி வாக்கு. வீட்டில் ஒருமுறை ஏற்றிப் பார்க்காமல் அடுப்பை மலைக்கு எடுத்துச் செல்லாதே என்று கையேடு தலைதலையாய் அடித்துக்கொள்கிறது. ரயிலில் எரிபொருள் கொண்டுபோனால் 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டப்படி மூன்றாண்டு வரை சிறை. 2023 ஆகஸ்டில் மதுரையில் சுற்றுலாப் பெட்டிக்குள் இருந்த சிலிண்டரால் உயிர்கள் போன பிறகு அதில் வாதாட எனக்கும் மனமில்லை. விமானத்திலோ, கழுவிக் காயவைத்த காலிப் புட்டியைக்கூட மூக்கருகே வைத்து மோந்து பார்த்துவிட்டு, வாடை வருகிறதே என்று எடுத்து வைத்துவிடுகிறார்கள். இறங்குமிடமான டெல்லி, 2014இலேயே மண்ணெண்ணெய் இல்லாத நகரமாக அறிவிக்கப்பட்டுவிட்டது. அதையும் தாண்டிப் போனால் ஸ்பிட்டியின் காசா என்ற ஊரில், 3,740 மீட்டர் உயரத்தில் ஒரு பெட்ரோல் பங்க் உண்டு. அங்கும் தூணில் ஒரு பலகை தொங்காது என்பதற்கு யார் பொறுப்பு? முதல் தேர்வு, அடுத்த தேர்வு என்கிறதே கையேடு, எதிலிருந்து தேர்ந்தெடுப்பது?

எல்லாம் கைகூடிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். பற்றவைக்கத் தீப்பெட்டி வேண்டும். விமானத்தில் அதற்கும் தடை. மலையடிவாரக் கடையில் வாங்கித் திருப்பிப் பார்த்தால் சிவகாசித் தயாரிப்பு! நம் ஊரிலிருந்து நான் கொண்டுபோகக் கூடாத தீப்பெட்டி எனக்கு முன்பே லாரியேறி இமயமலைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. சிரிப்பதைத் தவிர வேறென்ன செய்வது? ஆனால் ஒன்று கேட்க வேண்டும். 2021 டிசம்பரில் ஒரு ரூபாய்ப் பெட்டியை இரண்டு ரூபாய் ஆக்கினார்களே, அந்தக் கூடுதல் ஒரு ரூபாய்க்காவது குச்சியின் மருந்து உரசியதும் உடைந்து சட்டைமேல் தெறிக்காமல் இருக்கக் கூடாதா?