அந்தமான் போறீங்களா, கடல் வத்துற நேரத்தை முதல்ல கேளுங்க

லீவு வரப்போகுதுன்னு நாலு பேர் இன்பாக்ஸ்ல அந்தமான் பேக்கேஜ் பத்தி கேட்டுட்டாங்க, அதனால பொதுவாவே எழுதிடறேன். ஆறு நாள்ல பதினஞ்சு இடம்னு போட்டு தர்ற பேக்கேஜை வயசானவங்களையும் குழந்தைங்களையும் கூட்டிட்டுப் போறவங்க தயவுசெஞ்சு எடுக்காதீங்க. எடுத்து பட்டவ சொல்றேன்.

2025 பொங்கலுக்கு நாங்க அஞ்சு பேர் போனோம், நான், வீட்டுக்காரர், ரெண்டு பசங்க, அம்மா. அம்மாவுக்கு அறுபத்தாறு வயசு, ரெண்டு முட்டியும் தேய்மானம், அதை புக் பண்ணும்போதே தெளிவா சொல்லித்தான் பணம் கட்டினோம். ஆனா அங்க போனா தினமும் காலைல அஞ்சரைக்கு ரெடியா நிக்கணும், ஓடணும், ஏறணும், இறங்கணும். முதல் நாள் செல்லுலார் ஜெயில், வெள்ளைக்காரன் காலத்துல சுதந்திரத்துக்குப் போராடினவங்களை அடைச்சு வச்ச இடம். 1906ல கட்டி முடிச்சப்போ சிறகு மாதிரி பிரியற ஏழு கட்டடம், இப்ப மூணு தான் நிக்குது, அந்த ஒத்தை ஆள் கொட்டடிக்குள்ள என் மூத்த பொண்ணு போய் நின்னுட்டு வெளிய வந்து ரொம்ப நேரம் பேசவே இல்ல. அந்த மாதிரி இடத்துல பிள்ளைக்கு பக்கத்துல உக்காந்து ரெண்டு வார்த்தை சொல்ல வேணாமா? "டைம் ஆச்சு டைம் ஆச்சு"ன்னு கூப்பிட்டுட்டே இருந்தாங்க. அப்புறம் ஹேவ்லாக் தீவுல ரெண்டு நாள், அதுவும் அதே ஓட்டம்.

பொங்கல் அன்னிக்கு காலைல ஹேவ்லாக்ல இருந்து நீல் தீவுக்கு ஃபெர்ரி. (பேரெல்லாம் 2018லயே மாத்திட்டாங்க, ஹேவ்லாக் இப்ப ஸ்வராஜ் த்வீப், நீல் வந்து ஷஹீத் த்வீப், ஆனா இன்னும் பழைய பேர் தான் எல்லார் வாயிலயும்.) இறங்கினதும் பத்தரைக்கு நேச்சுரல் பிரிட்ஜ் பாக்க கூட்டிட்டுப் போனாங்க. பவளப்பாறையை கடலே அரிச்சு அரிச்சு உண்டாக்கின பாலம். அம்மா கைப்பிடிச்சு படி இறங்கி, கல்லு கல்லா கால் வச்சு பாதி தூரம் வந்தா மேல போக வழியே இல்ல, தண்ணி நெறைஞ்சு கெடக்கு! பாலம் தூரத்துல ஒரு துண்டு தெரியுது அவ்ளோ தான். போட்டோ எடுத்துக்கோங்க, மூணு மணி ஃபெர்ரிக்கு போகணும்ங்கறாங்க.

அங்க இளநி வெட்டிக்கிட்டிருந்த பெங்காலிக்காரர் தான் இந்தில சொன்னார், முந்தின நாள் பௌர்ணமி, இந்த நாள்ல காலைல பத்து மணி சுமாருக்கு கடல் ஏறி இருக்கும், சாயங்காலம் நாலு மணிக்கு மேல வந்தா அடி வரைக்கும் வத்தும்னு. அவர் சொன்னதை வீட்டுக்காரர் தமிழ்ல சொன்னதும் அம்மா உடனே "அதானே, நேத்து பௌர்ணமி தானே"ன்னாங்க. வீட்ல காலண்டர் கிழிக்கிறவங்களுக்கே புரியற விஷயம், பேக்கேஜ் போட்டவங்களுக்கு தெரியாமலா இருக்கும்? எனக்கு வந்த கோவத்துக்கு, மூணு மணி ஃபெர்ரில நாங்க ஏறலன்னு சொல்லிட்டோம். மீதி ரெண்டு நாளுக்கு கட்டின பணம் போச்சு, ஒரு பைசா திரும்பல, போகட்டும்.

அந்த இளநிக்காரர் வீட்டுப் பக்கத்துலயே ஒரு ஹோம்ஸ்டேல ரூம் கெடச்சுது. நீல்ல பெரும்பாலும் அறுபதுகள்ல கிழக்கு பாகிஸ்தான்ல இருந்து வந்து குடியேறின பெங்காலி குடும்பங்க தான், விவசாயம் பாக்கறாங்க, அந்தமானுக்கே காய்கறி இந்தத் தீவுல இருந்து போகுது. அந்த வீட்டு அக்கா சாயங்காலம் அடுப்படில அரிசி மாவுல தேங்காயும் வெல்லமும் உள்ள வச்சு மடிச்சிட்டிருந்தாங்க, நம்ம கொழுக்கட்டையே தான். அவங்களுக்கும் அன்னிக்கு சங்கராந்தி, அதுக்கு பேர் பிட்டேவாம். அம்மா பாத்துட்டே இருந்தாங்க, திடீர்னு எழுந்து போய் பெட்டிய தொறந்து ஒரு பொட்டலம் எடுத்துட்டு வந்தாங்க. பச்சரிசி, பாசிப்பருப்பு, மண்டவெல்லம், நாலு ஏலக்காய். மதுரைல இருந்து கொண்டு வந்திருக்காங்க! நாலு நாளா வாயத் தொறக்கல, எங்க பிளான் கெட்டுடும்னு. எனக்கு அங்கேயே கண் கலங்கிடுச்சு. அந்தக்காவுக்கு தமிழ் தெரியாது, அம்மாவுக்கு இந்தியே தெரியாது, ரெண்டு பேரும் ஒரே அடுப்புல பொங்கல் வச்சாங்க. பால் பொங்கும்போது சின்னவன் பொங்கலோ பொங்கல்னு கத்த, அந்தக்கா குலவை போட்டாங்க.

மறுநாள் மூணரைக்கு மெதுவா கெளம்பி பாலத்துக்கு போனோம். முந்தின நாள் தண்ணி நின்ன இடமெல்லாம் வெறும் பாறை. குழி குழியா தேங்கின தண்ணில நீலக் கலர்ல சின்ன சின்ன மீனு, சங்கைத் தூக்கிட்டு ஓடற நண்டு, தடியா கறுப்பா படுத்துக் கெடக்கற கடல் அட்டை. இராமநாதபுரம் பக்கம் கடத்திப் பிடிபட்டாங்கன்னு பேப்பர்ல வருமே, அதே அட்டை. சின்னவன் ஒரு சிப்பிய பாக்கெட்ல போட்டான், எடுத்து அதே குழியில வைக்கச் சொன்னேன், அங்க எதையும் எடுத்துட்டு வரக்கூடாது, பவளத்து மேல கால் வைக்கவும் கூடாது.

சென்னைல கடல் ஏத்த இறக்கம் ஒரு மீட்டர் தான், அதனால நமக்கு பெருசா தெரியறதில்ல. அந்தமான்ல பௌர்ணமி, அமாவாசை ஒட்டி ரெண்டு மீட்டர் வரைக்கும் போகுது, கடல் வத்துற நேரமும் தினமும் முக்கா மணி போல தள்ளிக்கிட்டே போகும். ஜனவரில அஞ்சேகாலுக்கே சூரியன் எறங்கிடும், ஆறு மணிக்கெல்லாம் கும்மிருட்டு, அதுக்கப்புறம் கடல் வத்தினா ஒண்ணும் பாக்க முடியாது. எந்த ட்ராவல்ஸா இருந்தாலும் புக் பண்றதுக்கு முன்னாடி நீல்ல எத்தனை ராத்திரி தங்க வைப்பீங்க, பாலத்துக்கு எத்தனை மணிக்கு கூட்டிட்டுப் போவீங்கன்னு கேளுங்க, பதில் வரலன்னா பணம் கட்டாதீங்க.

அம்மா அன்னிக்கு பாலத்துக்கு அடியிலயே ஒரு கல்லுல உக்காந்து, புடவைய கொஞ்சம் தூக்கிச் சொருகி, முட்டி வரைக்கும் அந்த வெதுவெதுப்பான தண்ணில கால விட்டுக்கிட்டு இருந்தாங்க. இருட்டற வரைக்கும் எழுந்திரிங்கன்னு யாரும் சொல்லல.