‘கேடு’க்குப் பக்கத்துக் கட்டம்

அம்மாவுக்குச் சர்க்கரை என்று உறுதியான அன்று ஒரு தாளைக் கொடுத்து அனுப்பினார்கள். ஜெராக்ஸிலிருந்து ஜெராக்ஸ் எடுத்து எழுத்து மங்கிப்போன தாள். இடப்பக்கம் ‘சாப்பிடலாம்’, வலப்பக்கம் ‘தவிர்க்கவும்’. இடப்பக்கம் ஆறே வரி. வலப்பக்கம் தாளின் அடிவரை போய், இடம் போதாமல் ஓரத்தில் பேனாவால் இன்னும் இரண்டு. அம்மா படித்துப் பார்த்துவிட்டு, “இதுக்கு மூச்சை மட்டும் இழுத்து விடுங்கன்னே எழுதியிருக்கலாம்” என்று சொல்லி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டார்.

அந்தத் தாள் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்த நாட்களில்தான் இந்தப் புத்தகம் கைக்கு வந்தது. கைக்கு என்றால் திரைக்கு. அசலை வாங்குகிற வசதி எனக்கில்லை, ஏழு தலைமுறைக்கும் வராது.

1531இல் ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்தில் யோகான் ஷாட் என்பவர் அச்சிட்ட லத்தீன் நூல். பெயர் ‘தக்குயினும் சானிட்டாட்டிஸ்’. ஆசிரியர் பெயர் என்று ‘எல்லுகாசெம் எலிமித்தார்’, ஊர் ‘பல்தாத்’ என்று போட்டிருக்கிறார்கள். யாரடா இவர் என்று தேடினால், அபுல் ஹசன் அல் முக்தார் என்ற அரபிப் பெயரை அடித்துத் துவைத்துக் காயப்போட்டால் இப்படித்தான் வரும் போலிருக்கிறது. பல்தாத் என்பது பாக்தாத். ஆள், பதினோராம் நூற்றாண்டில் வாழ்ந்த இப்ன் புத்லான் என்ற கிறித்தவ மருத்துவர். அவர் அரபியில் எழுதிய ‘தக்வீம் அஸ்ஸிஹ்ஹா’ பதின்மூன்றாம் நூற்றாண்டில் சிசிலி மன்னர் மான்ஃபிரெட்டின் அவையில் லத்தீனுக்குப் போனது. ‘தக்வீம்’ என்றால் அட்டவணை. லத்தீன்காரர்களுக்கு அதை மொழிபெயர்க்கத் தோன்றவில்லை, அப்படியே வாயில் போட்டுக்கொண்டார்கள். இன்றைக்கு இத்தாலியனில் சட்டைப்பைக் குறிப்பேட்டுக்கு ‘தக்குயினோ’ என்றுதான் பெயர்.

நூலின் ஆதாரம் ஆறு விஷயங்கள்: காற்று, உணவும் நீரும், அசைவும் ஓய்வும், உறக்கமும் விழிப்பும், உடம்பிலிருந்து கழிவதும் தங்குவதும், கடைசியாக மகிழ்ச்சி, கோபம், பயம், துயரம் மாதிரியான மனநிலைகள். இவை அளவோடு இருந்தால் உடம்பு நன்றாக இருக்கும், ஒன்று தப்பினால் நோய். இதை விளக்கி ஆயிரம் பக்கம் எழுதக்கூடியவர்தான். ஆனால் மக்களுக்கு வேண்டியது பலன், வாதம் இல்லை என்று முன்னுரையிலேயே சொல்லிவிட்டு எல்லாவற்றையும் கட்டம் போட்டு அடைத்துவிட்டார். 40 அட்டவணை, 280 பொருள். 1533இல் மிக்கேல் ஹெர் என்பவர் இதை ஜெர்மனில் கொண்டுவந்தபோது ‘நலத்தின் சதுரங்கப் பலகைகள்’ என்ற பொருளில் தலைப்பு வைத்தார். பொருத்தமான பெயர்தான்.

ஒவ்வொரு பொருளுக்கும் அதன் குணம் எழுதியிருக்கும்: சூடா குளிர்ச்சியா, ஈரமா வறட்சியா, அது எவ்வளவு வலு என்பதற்கு எத்தனையாம் படி. அப்புறம் எது சிறந்த ரகம். அப்புறம் பயன். அப்புறம் கேடு. எனக்குப் பிடித்தது அதற்கும் அடுத்த கட்டம். கேடு நீக்கம்.

பசலைக்கீரையைப் பாருங்கள். குளிர்ச்சி, ஈரம், முதல் படி. சிறந்தது எது? மழைத்தண்ணீர் இலையில் இன்னும் காயாதது. (இந்த ஒரு வரிக்காகவே எனக்கு இந்த ஆளைப் பிடிக்கும்.) இருமலுக்கும் நெஞ்சுக்கும் நல்லது. கேடு, செரிமானத்தைக் கலைக்கும். நீக்கம், உப்புநீரோடு வதக்கு, இல்லையென்றால் காடியும் (வினிகர்தான்) வாசனைத் தழையும் சேர். பூண்டுக்குத் தேளும் பாம்பும் கடித்தால் உதவும் என்று ஒரு பெரிய பயன் போட்டுவிட்டு, மூளைக்கு ஆகாது என்று ஒரு கேடும் போட்டு, காடியும் எண்ணெயும் சேர்த்துக்கொள் என்று முடிக்கிறார். ரோஜா சிலருக்குத் தலைவலி தரும், கற்பூரம் வை.

இதெல்லாம் உண்மையா? பெரும்பாலும் இல்லை. ரோஜாவுக்குக் கற்பூரம் வைத்துப் பார்த்துவிட்டு இங்கே வந்து என்னைத் திட்டாதீர்கள். நாலு திரவங்களின் கூட்டுதான் உடம்பு என்ற கிரேக்கக் கணக்கு அறிவியலில் செத்துப் பல காலம் ஆகிறது. (அந்தக் கணக்கின் ஒரு கிளை நம் ஊரில் உயிரோடு இருக்கிறது. யூனான் என்றால் கிரேக்கம், யுனானி அங்கிருந்து வந்த பெயர். அரும்பாக்கத்தில் அரசுக் கல்லூரியே உண்டு. அது தனிப் பஞ்சாயத்து, இன்றைக்கு வேண்டாம்.) நான் சொல்ல வருவது மருந்தைப் பற்றி இல்லை, கட்டத்தைப் பற்றி. ‘கேடு’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிட அந்த அட்டவணை விடாது. பக்கத்தில் ஒரு கட்டம் காலியாக நின்றுகொண்டு, சரி, அப்போ இதை எப்படிச் சாப்பிடுவது என்று கேட்கும். சாப்பிட ஆசைப்படுகிற மனுஷனை மனத்தில் வைத்துக்கொண்டு போட்ட கட்டம் அது.

நம் காலத்து ஆரோக்கியப் பதிவுகளை நினைத்துப் பாருங்கள். ‘இந்த 5 உணவுகளை இரவில் தொடவே தொடாதீர்கள்.’ சோறு விஷம், பால் விஷம், எண்ணெய் விஷம், போன மாதம் தயிர் விஷம். எல்லாம் ‘கேடு’ கட்டத்தோடு நின்றுபோன அட்டவணைகள். பயமுறுத்துவதற்கு அந்த ஒரு கட்டமே போதும்.

இந்த வியாதி அன்றைக்கே இருந்திருக்கிறது என்பதும் இதே இப்ன் புத்லானிடமிருந்துதான் தெரிகிறது. மனிதர் ஒரு நையாண்டியும் எழுதியிருக்கிறார், ‘மருத்துவர்களின் விருந்து’ என்று. ஒரு கஞ்சக் கிழ வைத்தியர் வீட்டுக்கு ஒருவன் விருந்துக்கு வருகிறான். தட்டு வருகிறது, வாசனை வருகிறது, இவன் கையை நீட்டுகிறான். உடனே கிழவர் ஆரம்பித்துவிடுகிறார், இது உன் உடம்புக்கு ஆகாது, இந்தக் கேடு, அந்தக் கேடு. தட்டு போய்விடுகிறது. அடுத்த தட்டுக்கும் இதே பாட்டு. மருத்துவ அறிவெல்லாம் சோற்றை மிச்சம் பிடிக்கத்தான். 280 பொருளுக்குக் கேடு எழுதத் தெரிந்த அதே கை எழுதியது இது என்பதுதான் எனக்கு ஆச்சரியம். கேட்டை மட்டும் சொல்கிறவன் எப்படி இருப்பான் என்று அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

ஆள் சாதுவும் இல்லை. கெய்ரோவுக்குப் போன இடத்தில் இப்ன் ரித்வான் என்ற பெரிய மருத்துவரோடு சண்டை. எதிலிருந்து தொடங்கியது தெரியுமா? கோழிக்குஞ்சு உடம்பில் சூடு அதிகமா, மற்றப் பறவைக் குஞ்சு உடம்பிலா! மாறி மாறி நூல் எழுதித் தாக்கிக்கொண்டார்கள். குருவிடம் படிப்பது மேலா, தானே புத்தகத்தைப் பார்த்துப் படிப்பது மேலா என்று அது எங்கெங்கோ போனது. ரித்வான் தானே படித்து மேலே வந்தவர். அவர் முகத்தைக் கேலி செய்து ‘ஜின்களின் முதலை’ என்று பட்டப்பெயர் வைத்தார் நம்மவர். ஆக, கமெண்ட் பெட்டிக்கு முன்பே கமெண்ட் பெட்டிச் சண்டை இருந்திருக்கிறது.

சரி, படங்கள். அரபி மூலத்தில் படமில்லை. பதினான்காம் நூற்றாண்டின் கடைசியில் வட இத்தாலியின் லொம்பார்டிப் பகுதியில் பணக்காரக் குடும்பங்களுக்காகப் பக்கத்துக்கு ஒரு வண்ண ஓவியம் வைத்து இதைக் கையெழுத்துப் பிரதிகளாகச் செய்தார்கள். பாரிஸ், வியன்னா, ரோம் நூலகங்களில் இன்றும் இருக்கின்றன. வியன்னா பிரதியில் மட்டும் 200க்கும் மேற்பட்ட படங்கள். அதில் ‘த்ரிய்’ என்று ஒரு பக்கம். அரபியின் ‘இத்ரிய்யா’தான் அது, சேமியா மாதிரி மாவு இழை. ஒரு பெண் மாவு பிசைகிறாள், இன்னொருத்தி இழைகளைத் துணி உலர்த்துவது போல் மரச்சட்டத்தில் தொங்கவிடுகிறாள். நெஞ்சுக்கும் தொண்டைக்கும் நல்லது, வலுவில்லாத குடலுக்கு ஆகாது என்று கீழே குறிப்பு. கத்தரிக்காய்ப் பக்கத்தில் செடிக்குப் பக்கத்தில் ஒரு ஜோடி கட்டிக்கொண்டு நிற்கிறது. வாந்திக்குக்கூட ஒரு படம் உண்டு.

அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த அழகுக்காக அட்டவணையை உடைத்தார்கள். கட்டங்கள் போய், படத்துக்கு அடியில் நாலைந்து வரி மிஞ்சியது. இன்றைக்கு இன்ஸ்டாகிராமில் அந்த நாலு வரியையும் வெட்டிவிட்டுப் படத்தை மட்டும் பகிர்கிறார்கள், ‘ஆஹா, அந்தக் காலத்து வாழ்க்கை!’ என்று. அந்தக் காலத்தில் படத்துக்குள் குனிந்து கதிர் அறுத்துக்கொண்டிருந்தவனுக்கு இந்தப் புத்தகத்தைத் தொட்டுப் பார்க்கக்கூடக் கிடைத்திருக்காது.

அதனால்தான் எனக்கு 1531 அச்சுப் பிரதி ஒரு படி மேல். கட்டங்களைத் திரும்பக் கொண்டுவந்தார்கள், படங்களைப் பக்கத்தின் அடியில் ஒரு பட்டையாகச் சின்னச் சின்ன மரச்செதுக்குகளாக வரிசை கட்டினார்கள். வரைந்தவர் ஹான்ஸ் வைடிட்ஸ் என்று சொல்கிறார்கள். அதற்கு முந்தின ஆண்டுதான் இதே அச்சகத்துக்காக ஒரு மூலிகை நூலுக்கு அவர் வரைந்து கொடுத்திருந்தார், வாடித் தொங்கும் இலை, பூச்சி அரித்த இலை என்று செடி எப்படி இருந்ததோ அப்படியே.

பெரிய நூலகங்கள் இந்தப் பிரதிகளில் பலவற்றை ஸ்கேன் செய்து இலவசமாகவே போட்டிருக்கின்றன. லத்தீன் தெரியாவிட்டாலும் கட்டங்களைப் பார்க்கலாம்.

போன மாதம் ஃபிரிட்ஜ் கதவிலிருந்து அந்தத் தாளைப் பிய்த்தேன். ‘தவிர்க்கவும்’ வரிசைக்குப் பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு இன்னொரு வரிசை சேர்த்தேன், தலைப்பு மட்டும் எழுதி. அடுத்த முறை போனபோது உணவு ஆலோசகர் முன்னால் அதை நீட்டினேன். அந்தப் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அப்புறம் சிரித்துவிட்டுப் பேனாவை எடுத்தார். உருளைக்கிழங்குக்கு நேரே, ‘சின்னது ஒன்று, அன்றைக்குச் சோற்றைக் குறைத்து’. மாம்பழத்துக்கு நேரே, ‘இரண்டு கீற்று, ஜூஸ் வேண்டாம்’. அப்படி நாலு கட்டம் எழுதுவதற்குள் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார்கள். மிச்சம் ஒன்பது கட்டம் காலி. அம்மா இப்போதே பலாப்பழத்தில் விரலை வைத்துக்கொண்டு அடுத்த அப்பாயின்ட்மென்ட் எப்போது என்று கேட்கிறார்.