இறங்கினான், நின்றாள்

ஸ்காண்டிநேவிய இலக்கியத்தைத் திருநர் பார்வையில் வாசிக்கும் ஒரு பாட்காஸ்ட்டை இந்த வாரம் இரண்டு முறை கேட்டேன். பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துபவர்கள் பேசுவது. சுற்றிச் சுற்றி ஒரே கேள்விக்குத்தான் வந்தார்கள்: கதை சொல்பவர் எந்த இடத்தில் 'அவன்' என்பதை விட்டு 'அவள்' என்கிறார்?

லிலி எல்பேயைப் பலருக்கும் 2015இல் வந்த 'தி டேனிஷ் கேர்ள்' படம் வழியாகத்தான் தெரியும். 1882இல் டென்மார்க்கில் பிறந்து, ஆணாக வளர்க்கப்பட்டு, பின்னால் பெண்ணாக வாழ்ந்த ஓவியர். மனைவி கெர்டா வேகனரும் ஓவியர். ஒருநாள் ஓவியத்துக்கு மாதிரியாக நிற்க வேண்டிய நடிகை வராமல்போக, காலுறையும் பெண்கள் காலணியும் போட்டுக் கணவரை நிற்கச் சொன்னார் கெர்டா, அங்கேதான் தொடங்கியது என்பார்கள். 1930இல் ஜெர்மனியில் முதல் பாலின மாற்ற அறுவை சிகிச்சை. அதே ஆண்டு டென்மார்க் அரசர் அந்தத் திருமணத்தைச் செல்லாது என்று அறிவித்தார். 1931 செப்டம்பரில், கடைசி அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய சிக்கல்களால், ட்ரெஸ்டன் நகரில் லிலி இறந்துபோனார்.

அந்த ஆண்டு முடிவதற்குள் டேனிஷ் மொழியில் வெளிவந்த புத்தகத்தை அவருடைய தன்வரலாறு என்கிறோம். திறந்தால் பெரும்பகுதி படர்க்கையில் இருக்கிறது. லிலியின் கடிதங்களும் நாட்குறிப்பும் இடையில் வருகின்றன. தொகுத்தவர் நீல்ஸ் ஹோயர் என்ற புனைபெயரில் எழுதிய ஒரு பத்திரிகையாளர். லிலியின் பழைய பெயர் ஐனார்; புத்தகத்தில் அது ஆண்ட்ரியாஸ். ஆண்ட்ரியாஸ் என்றால் 'அவன்', லிலி என்றால் 'அவள்'. ஒரே உடம்பில் இரண்டு பேர் இடத்துக்குச் சண்டை போடுவதுபோல. இதில் லிலி தன்னை உணர்ந்த விதம் எவ்வளவு, வாசகருக்குப் புரியவேண்டுமே என்று மற்றவர்கள் போட்ட சட்டகம் எவ்வளவு? இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு வாசிப்பதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை என்று நினைக்கிறேன்.

அப்புறம் ஹெர்வோர். 13ஆம் நூற்றாண்டு ஐஸ்லாந்துக் கதை. அப்பா அங்காந்தீர் சாம்சோ தீவில் மாண்டு, டிர்ஃபிங் என்ற வாளோடு புதைக்கப்பட்டிருக்கிறார். மகள் ஹெர்வோர் ஆண் உடை அணிந்து, ஹெர்வார்த் என்று ஆண்பெயர் வைத்துக்கொண்டு, கடற்கொள்ளையரோடு சேர்ந்து அவர்களுக்கே தலைமை ஏற்கிறாள். அந்தப் பெயரில் உலவும்போது மூலமும் 'அவன்' என்றே எழுதுகிறது. பிறகு தீவில் புதைமேடு. கூட வந்தவர்கள் கப்பலைவிட்டு இறங்கப் பயப்பட, தனியாக நெருப்பைக் கடந்துபோய்ச் செத்தவரைக் கூப்பிடும்போது என்ன சொல்கிறாள்? எழுந்திரு அங்காந்தீர், உன்னை எழுப்புவது ஹெர்வோர், உனக்கும் ஸ்வாவாவுக்கும் பிறந்த ஒரே மகள் என்கிறாள். உயிரோடிருப்பவர்களுக்கு ஹெர்வார்த், செத்துப்போன அப்பாவுக்கு மகள். இந்த இடத்தில் பாட்காஸ்ட்டை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஹெர்வோரைத் திருநம்பி என்று சொல்லிவிட முடியுமா? நான் சொல்லமாட்டேன். இன்றைய சொல்லை அந்தக் காலத்தின் தலையில் ஏற்ற வேண்டாம். ஆனால் அந்த 'அவன்'களை எல்லாம் 'அவள்' என்று திருத்திச் சமன்செய்வதும் பெரிய தப்பு.

தமிழில் இது இன்னும் கஷ்டம். ஸ்காண்டிநேவிய மொழிகளில் 'போனாள்' என்றாலும் 'போனான்' என்றாலும் வினைச்சொல் ஒன்றுதான். பெயரைச் சொல்லியே பத்து வரி ஓட்டிவிடலாம். நமக்கு ஒவ்வொரு வாக்கியமும் ஆன், ஆள் என்று முடிந்தாக வேண்டும். 'ஆர்' போட்டுத் தப்பிக்கலாம்தான். மேலே லிலிக்கு நானே அதைத்தான் செய்தேன், மனதார. ஆனால் ஹெர்வோருக்கு அது சரிவராது. மரியாதைக்குள் அந்த மாற்றமே மறைந்துபோகும்.

சுவீடனில் ஆணும் பெண்ணும் குறிக்காத 'ஹென்' என்ற சொல் 2015இல் சுவீடிஷ் அகாதமியின் சொற்பட்டியலில் ஏறியது. நல்ல விஷயம். ஆனால் அதே நாட்டில், சட்டப்படி பாலினத்தை மாற்றிக்கொள்ளக் கருத்தடை செய்திருக்க வேண்டும் என்ற விதி 2013 வரை இருந்தது. அகராதியை மட்டும் பார்த்து அந்த நாட்டைப் புகழ எனக்கு மனம் வரவில்லை.

நேற்று ராத்திரி அந்தப் புதைமேட்டுக் காட்சியைத் தமிழில் எழுதிப் பார்த்தேன். "ஹெர்வார்த் கப்பலிலிருந்து இறங்கினான். நெருப்பைக் கடந்தான். அப்பாவின் மேட்டுக்கு முன்னால் நின்றாள்." தோழிக்கு அனுப்பினேன். கடைசிச் சொல்லில் எழுத்துப்பிழை இருக்கிறது என்று பதில் வந்தது. இல்லை, அப்படியே இருக்கட்டும் என்றேன்.