டெஸ்ட்டுக்கு ஓபன் ஃபைல் எதற்கு?

விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) முடித்துவிட்டு டிசைன் வேலை தேடுகிற நாலு பேர் சந்தித்தால், 'சம்பளம் எவ்வளவு' என்ற பேச்சே வராது. 'டெஸ்ட் கொடுத்துட்டியா' என்றுதான் ஆரம்பிப்போம். விளம்பர ஏஜென்சி, சோஷியல் மீடியா கம்பெனி, சினிமா கிராஃபிக்ஸ் செய்கிற விஎஃப்எக்ஸ் ஸ்டூடியோ, எங்கே போனாலும் முதலில் ஒரு டெஸ்ட். டெஸ்ட் வைப்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. மார்க் ஷீட்டைப் பார்த்து யாரும் டிசைனரை எடுக்க முடியாது. எதிரே உட்காரவைத்து ஒரு மணி நேரத்தில் ஒரு போஸ்டர் செய்யச் சொன்னால் ஆள் தேறுவாரா என்று தெரிந்துவிடும்.

ஆனால் சென்னையில் ஒரு ஏஜென்சி எனக்கு அனுப்பிய டெஸ்ட்டைக் கேளுங்கள். ஒரு நகைக்கடைக்கு அட்சய திருதியை கேம்பெயின். மூன்று கான்செப்ட். ஒவ்வொன்றும் இன்ஸ்டா போஸ்ட், ஸ்டோரி, பேப்பர் அரைப்பக்கம், ஹோர்டிங் என நாலு அளவில். கூடவே ஒரு ரீலுக்கு ஸ்டோரிபோர்டு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மெயில், திங்கட்கிழமை காலையில் வேண்டுமாம். கடை நிஜமான கடை, லோகோ நிஜமான லோகோ, அட்சய திருதியைக்கு இரண்டே வாரம். கடைசி வரியில், 'எல்லா லேயரும் உள்ள ஓபன் ஃபைலை டிரைவில் ஏற்றவும்.'

எனக்கு உறுத்துவது அந்தக் கடைசி வரிதான். ஓபன் ஃபைல் என்றால் படம், எழுத்து எல்லாம் தனித்தனி லேயராக, அதாவது அடுக்காக இருக்கிற, யார் வேண்டுமானாலும் திறந்து மாற்றக்கூடிய மூல ஃபைல். ஜேபெக் என்பது முடிந்த படம் மட்டும். புதிதாக வரும் ஒரு ஆளின் கண்ணையும் கையையும் பார்க்க ஜேபெக் போதும். லேயர்களை எப்படி அடுக்குகிறார் என்று பார்க்கத்தான் கேட்பார்கள் என்று ஒரு சீனியர் சமாதானம் சொன்னார். சரி, அதற்கு ஒரு ஸ்க்ரீன்ஷாட் போதாதா? ஓபன் ஃபைல் யாருக்குத் தேவை என்றால், அதைத் திறந்து, போன் நம்பரைச் சேர்த்து, கிளையன்ட்டுக்கு அனுப்பப் போகிறவருக்குத்தான். நான் ஜேபெக் மட்டும் அனுப்பினேன். 'கிடைத்தது' என்றுகூட ஒரு பதில் வரவில்லை.

இன்னொரு வேடிக்கை, அவ்வளவு கேட்ட டெஸ்ட்டில் தமிழில் ஒரு வரிகூட இல்லை. தமிழ்நாட்டு நகைக்கடை, தமிழ்ப் பேப்பர் விளம்பரம். 'காப்பி இங்கிலீஷ்ல இருக்கட்டும், அப்புறம் டிரான்ஸ்லேட் பண்ணிக்கலாம்' என்றார்கள். அந்த 'அப்புறம்' எப்படி முடியும் என்று ஊரெல்லாம் நிற்கிற ஹோர்டிங்கைப் பார்த்தாலே தெரியும். பழைய போட்டோஷாப்பில் டெக்ஸ்ட் செட்டிங்கைத் தெற்காசிய எழுத்துகளுக்கு மாற்றாமல் ஒட்டினால் 'கொ' உடைந்து, கொம்பு தன் எழுத்தை விட்டு ஓடிவிடும். அதைக் கவனிக்க ஒரு கண் வேண்டும். அந்தக் கண் இருக்கிறதா என்று எந்த டெஸ்ட்டிலும் கேட்டு நான் பார்த்ததில்லை.

காசில்லாத டெஸ்ட்டில் உண்மையில் வடிகட்டப்படுவது திறமை இல்லை, காத்திருக்கும் வசதி. சென்னையிலேயே வீடு இருக்கிறவர் நாலு டெஸ்ட் செய்துவிட்டு அம்மா கையால் சாப்பிட்டுத் தூங்கலாம். ஹாஸ்டல் வாடகை, மெஸ் பில், அடோபி சந்தா என்று மாதம் பிறந்தால் கைநீட்டுகிற ஊர்ப்பிள்ளை எத்தனை வார இறுதியைச் சும்மா கொடுக்க முடியும்? என்கூடப் படித்ததில் என்னைவிட நன்றாக வரைகிறவள் இப்போது தாம்பரத்தில் ஒரு கால் சென்டரில் இருக்கிறாள். எந்த டெஸ்ட்டிலும் தோற்றவள் இல்லை அவள்.

டெஸ்ட்டைத் தாண்டிவிட்டால் இன்டெர்ன்ஷிப். 'கத்துக்கலாம்' என்பார்கள், சம்பளப் பேச்சே இருக்காது. பயிற்சி என்றால் அதற்குச் சட்டம் இருக்கிறது. 1961ஆம் வருஷத்து அப்ரண்டிஸ் சட்டம் இன்ஜினியரிங் படித்தவர்களுக்கு மட்டும் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். கலை அறிவியல் பட்டதாரியையும் அதில் எடுக்கலாம். 2019 திருத்தத்திலேயே பட்டதாரிக்கு மாதம் 9,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று வைத்தார்கள். மத்திய அரசின் திட்டத்தில் பதிந்து எடுத்தால் அதில் பாதியை அரசே தரும். இதற்கான தென்மண்டல வாரியம் இருப்பது தரமணியில். ஓஎம்ஆரில் கண்ணாடி ஆபீஸ் வைத்திருப்பவர்களுக்கு ஆட்டோ தூரம். இன்டர்வியூவில் நான் இதைச் சொன்னபோது எதிரில் இருந்தவர் அப்படி ஒன்று இருப்பதை அன்றுதான் கேள்விப்படுவதுபோலப் பார்த்தார். பாசாங்காக இருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

ஏஐ பற்றிச் சொல்லாமல் விட்டால் எங்கள் சித்தப்பா கோபித்துக்கொள்வார். 2025 மார்ச்சில் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் எல்லோர் போட்டோவும் ஜப்பான் கார்ட்டூனாக மாறியபோது, 'இனிமே உன் வேலை அவ்ளோதான்' என்று முதலில் போட்டவர் அவர். டிசைனரே வேண்டாம் என்ற காலம் வரும் என்று நான் நம்பவில்லை. போய்க்கொண்டிருப்பது முதல் படி. முன்பெல்லாம் புதிதாகச் சேர்ந்தவருக்கு என்ன கொடுப்பார்கள்? பேக்ரவுண்ட் வெட்டு, ஒரே விளம்பரத்தைப் பத்து அளவுக்கு மாற்று, வயரை அழி. விஎஃப்எக்ஸில் ரோட்டோ, அதாவது ஷாட்டில் இருக்கும் ஆளைப் பின்னணியிலிருந்து தனியாகப் பிரித்தெடுப்பது. ஐந்து செகண்ட் ஷாட் என்றால் 120 ஃபிரேம், ஒவ்வொன்றிலும் ஆளின் ஓரத்தைச் சுற்றி மாஸ்க்கைச் சரிசெய்ய வேண்டும். சலிப்பான வேலைதான். ஆனால் சம்பளம் வாங்கிக்கொண்டே பெரியவர்கள் செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்க்கலாம். இப்போது அதில் பாதியை மெஷின் செய்கிறது. அதனால்தான் 'ஃப்ரெஷர் வேண்டும், இரண்டு வருட அனுபவம் அவசியம்' என்று விளம்பரம் வருகிறது. அந்த இரண்டு வருடத்தை எந்தக் கடையில் வாங்குவது?

எனக்கு அது கிடைத்தது சொந்த ஊரில். நான் சிவகாசிப் பக்கம். வெளியூர்க்காரர்களுக்குப் பட்டாசுதான் ஞாபகம் வரும். தீப்பெட்டிக்கு ஒட்ட லேபிள் வேண்டும் என்று வளர்ந்த அச்சுத்தொழில்தான் எங்கள் ஊரின் இன்னொரு பாதி. அங்கே ஒரு பிரஸ்ஸில் எனக்கு டெஸ்ட் எதுவும் வைக்கவில்லை. முதல் நாளே ஒரு சாம்பிராணிப் பெட்டியைக் கொடுத்தார்கள், அந்த சனிக்கிழமையே காசும் வந்தது. பொருட்கள் பட்டியலைப் பொடி எழுத்தில், அழகாக இருக்கட்டும் என்று அரக்கு நிறத்தில் வைத்திருந்தேன். மெஷின்காரர் பிரிண்டைப் பார்த்துவிட்டு, 'பாப்பா, பொடி எழுத்த மூணு கலர்ல விடாத. ரிஜிஸ்டர் ஒரு மயிரிழை தப்புனா எல்லாம் ரெட்டையாத் தெரியும். தனிக் கறுப்புல போடு' என்றார். கலர்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்தி விழுவதைத்தான் ரிஜிஸ்டர் என்கிறார்கள். நான் பார்த்தபோது 'ழ'வின் சுழி அடைத்துப்போயிருந்தது. மூன்று வருட பாடத்திட்டத்தில் இது வரவில்லை.

உடனே ஊரைத் தலையில் தூக்கி வைக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். காசு குறைவு. 'போன வருஷ டிசைன்ல சாமிய மட்டும் மாத்து' என்கிற ஆர்டர்தான் அதிகம். செய்தவர் பெயர் எங்கேயும் இருக்காது. ஆனால் செய்த வேலைக்குக் கூலி என்பதில் அங்கே யாருக்கும் குழப்பமில்லை. அந்தப் பெட்டிகளை சென்னையில் ஒரு ஹெச்ஆரிடம் காட்டினேன். 'இதெல்லாம் டிடிபி ஒர்க்தானே' என்று பக்கத்தைத் தள்ளிவிட்டார்.

கோவில்பட்டி கொண்டையராஜு மெட்ராஸ் ஓவியப் பள்ளியில் படித்தவர். நாடகக் கம்பெனிக்குத் திரை வரைந்து பிழைத்து, பிறகு கோவில்பட்டியில் தங்கி அவர் வரைந்த முருகனும் லட்சுமியும் சிவகாசி காலண்டர்களாக வீட்டுக்கு வீடு தொங்கின. அவருடைய போர்ட்ஃபோலியோவையும் அந்த ஹெச்ஆர் இப்படித்தான் தள்ளியிருப்பார்.

ஆடிப்பெருக்குக்கு அடுத்த வருஷ காலண்டர் ஆல்பம் வெளியாக வேண்டும் என்பதால் அதுவரை எனக்கு இங்கே வேலை இருக்கிறது. அதற்குப் பிறகு எந்த நாளும் சென்னைக்கு வந்து, உங்கள் ஆபீஸிலேயே உட்கார்ந்து டெஸ்ட் எழுதத் தயார். போர்ட்ஃபோலியோ வேண்டுபவர்கள் இன்பாக்ஸில் கேளுங்கள். ஓபன் ஃபைல் வேண்டுபவர்கள் தொகையையும் சேர்த்து எழுதுங்கள்.