படலை மாமா பேசுகிறேன்

போன ஞாயிறு என்ன நடந்தது என்று திரும்பவும் எழுதப் போவதில்லை. சுவிஸில் ஓடுகிற எங்கள் தமிழ்ச் சைக்கிள் குழுவில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும்: ஒரு மேய்ச்சல் நிலத்தின் படலை திறந்து கிடந்தது, மாடுகள் தெருவுக்கு வந்துவிட்டன. குழுவில் இல்லாதவர்களுக்கும் யாரோ புண்ணியவான் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பிவிட்டார். என் பெயருக்குப் பக்கத்தில் ‘படலை மாமா’ என்று எழுதி, சிரிக்கிற முகம் நான்கு. நல்லது. பெயர் பிடித்திருக்கிறது.

திறந்த படலையை, அதாவது வேலிக் கதவை, சாத்துங்கள். இதைத்தான் நான் சொன்னேன். இதற்குத்தான் இரண்டு நாள் பகிடி.

நாங்கள் சைக்கிள் ஓடுவது கிரவலில், தார் போடாத சரளைப் பாதையில். கிரவல் என்ற சொல் எங்கள் ஆட்களுக்குப் புதிதா என்ன? வன்னிக் கிரவல் வீதியில் மாரிக்குச் சேறு, கோடைக்குச் செம்புழுதி. தார்க் காபெட் போடமாட்டார்களா என்று ஏங்கிய சனம் நாங்கள். இங்கே அதே கிரவலைத் தேடி, சைக்கிளுக்கும் சேர்த்து ரிக்கெற் எடுத்து ரயில் ஏறுகிறோம். என்னிடம் இருப்பது 42 மில்லிமீற்றர் ரயர், காற்று கொஞ்சம் குறைவாக. விலையைக் கேட்டால் அம்மா இன்றைக்கும் ஏசுவார்.

ஆனால் சுவிஸின் ஜூரா மலைப்பக்கம் வடிவு. தவானில் இறங்கி செய்ன்லெஜியே பக்கம் ஏறினால், ஏறத்தாழ 1000 மீற்றர் உயரத்தில் ஒரு மேட்டு நிலம். பிரெஞ்சில் பிரான்ஷ் மொந்தாஞ், ஜெர்மன்காரருக்கு பிரைபெர்கே. புல்வெளிக்குள் கறுத்துப் பெருத்த ஸ்ப்ரூஸ் மரங்கள் தனித்தனியாக நிற்கும். அவற்றுக்கு நடுவில் மாடும் குதிரையும் அவிழ்த்துவிட்டபடி மேயும். காடா, மேய்ச்சல் நிலமா என்று கேட்டால் இரண்டும்தான். கொஞ்சத் தூரத்தில் கிருயேர் குளம், தேயிலைச் சாயத்தில் தண்ணீர், சுற்றிலும் சதுப்பு. அங்கே சைக்கிளை வெளியே விட்டுவிட்டு நடக்க வேண்டும். மேட்டின் விளிம்புக்குப் போனால் நிலம் திடீரென்று சரிந்து, குமுவாவில் டூ ஆறு. அக்கரை பிரான்ஸ். இறங்கும்போது பிரேக் மணக்கும், திரும்பி ஏறும்போது பழைய பாவமெல்லாம் ஞாபகம் வரும். ஒரே நாளில் இவ்வளவும்.

நிலம் முழுக்கச் சுண்ணாம்புக்கல். பெய்கிற மழை மேலே நிற்காமல் உள்ளே இறங்கிவிடும். மேட்டில் சொல்லும்படி ஆறு இல்லை. அந்தக் காலத்துக் கமக்காரர் வீட்டுக் கூரையை அகலமாகக் கட்டி மழைத் தண்ணீரைத் தொட்டியில் சேர்த்தார்கள். யாழ்ப்பாணத்தாருக்கு இதை விளக்கவே தேவையில்லை. அங்கேயும் அதே கல், அதே ஆறில்லாத நிலம். நான் அங்கே திரும்பத் திரும்பப் போவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். சரி, அது வேறு கதை.

விஷயம் என்னவென்றால், அந்த வழி முழுக்கப் படலைகள். இரும்புப் படலை, மரப் படலை, மின்கம்பியில் கொக்கி போட்ட பிளாஸ்ரிக் பிடி. நாங்கள் ஓடுவது ஒருவருடைய மாட்டுப் பட்டிக்குள்ளால். செயலியில் அது நீலக் கோடு. கமக்காரருக்கு அது வயல், வாசல், வருமானம்.

“பாதையில் குழிக்கு மேல் இரும்புக் குழாய்களை வரிசையாகப் பதித்துவிட்டால் மாடு தாண்டாது, படலையே தேவையில்லையே, ஏன் எல்லா இடத்திலும் போடவில்லை?” என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பல இடத்தில் போட்டுத்தான் இருக்கிறார்கள் தம்பி. ஆனால் அதற்குக் குழி வெட்ட வேண்டும், காசு வேண்டும், குதிரை கால் வைத்தால் கால் போய்விடும். அது குதிரைகளின் ஊர். பிரைபெர்கர் இனமே அங்கிருந்து வந்ததுதான். 1897இல் தொடங்கிய குதிரைச் சந்தை செய்ன்லெஜியேயில் இன்றைக்கும் ஓகஸ்டில் நடக்கிறது. நீங்கள் ஐந்து விநாடி மிச்சம் பிடிப்பதற்காக அந்த மனிதர் குழி வெட்ட வேண்டுமா?

இன்னொருவர் சட்டம் எடுத்துவந்தார். சுவிஸ் சிவில் சட்டக்கோவை 699ஆம் பிரிவு, காட்டுக்கும் மேய்ச்சல் நிலத்துக்கும் யாரும் போகலாம். உண்மைதான். 1912இலிருந்து நடைமுறையில் இருக்கிற சட்டம். அந்தப் பிரிவில் சைக்கிள் என்ற சொல்லே கிடையாது, அதை விடுவோம். “ஊர் வழக்கத்துக்கு உட்பட்ட அளவில்” என்று அதே வரியில் இருக்கிறதே, அதை மட்டும் ஏன் ஐயா வாசிக்கவில்லை? அந்த ஊர் வழக்கம் படலையைச் சாத்துவது.

“வெள்ளைக்காரனும்தான் திறந்துவிட்டுப் போகிறான்.” இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. போகிறான்தான். அவன் போனால் யாரோ போனான். நாம் போனால் தமிழர் போனார்கள். இது நியாயம் இல்லை என்று எனக்கும் தெரியும். முப்பது வருடம் இங்கே வேலை செய்தவனுக்கு அதை நீங்கள் சொல்லித்தர வேண்டாம். அதற்காகப் படலையைத் திறந்து போட்டுவிட்டா சமத்துவம் வாங்குவது?

நான் படித்த பாடம் வேறு. எனக்குப் பதினொரு வயது. பள்ளிக்கூடம் பிந்திவிட்டது என்று படலையைத் தள்ளிவிட்டு ஓடினேன். எங்கள் பசு பக்கத்துக் காணிக்குள் புகுந்து பயிற்றங்கொடி முழுவதையும் தின்றுவிட்டது. அம்மா அடிக்கவில்லை. பின்னேரம் என் கையைப் பிடித்துக் கொண்டுபோய் அந்த ஆச்சியின் முன்னால் நிறுத்தினார். ஆச்சி ஒன்றும் சொல்லாமல் வெறும் பந்தலைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அடி வாங்கியிருந்தால் மறந்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்த மேய்ச்சல் நிலத்துக் கமக்காரரும் கத்தவில்லை. நான்கு நாகு மாடுகள் பெருந்தெருவுக்கு வந்துவிட்டன. ஒரு கார் பிரேக் போட்டு நின்றது. எல்லாவற்றையும் திருப்பிக் கலைத்து முடித்துவிட்டு, மெதுவான பிரெஞ்சில் ஒரே கேள்வி: கடைசியாக வந்தது யார்? பன்னிரண்டு பேரும் வானத்தைப் பார்த்தார்கள். அப்புறம் என்னைப் பார்த்தார்கள். ஏனென்றால் எப்போதும் கடைசியில் வருவது நான். ஏற்றத்தில் மூச்சு வாங்கும், வயது ஐம்பத்தாறு, மறைக்க என்ன இருக்கிறது.

நான் சாத்தினேன். கொக்கி விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. படம் எடுக்கப் பின்னால் நின்றுவிட்டு எனக்குப் பிறகு வந்த இருவர் யார் என்று அந்த இருவருக்கும் தெரியும். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர்கள் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பின்னேரம் வட்ஸ்அப்பில் சிரிக்கிற முகம் போட்டவர்களில் அந்த இருவரில் ஒருவரும் உண்டு.

“ஒரு மாட்டுக்காக இவ்வளவா அண்ணை?” சரி, கேளுங்கள். 1950களில் சுவிஸ் இராணுவம் அதே மேட்டில் பயிற்சித் திடல் போடப் பார்த்தது. ஊர்ச் சனம் விடவில்லை. வருடக்கணக்காக எதிர்த்து நின்றார்கள். கடைசியில் திட்டம் கைவிடப்பட்டது. அங்கே இன்றைக்கும் மாடு மேய்கிறது, நாங்கள் சைக்கிள் ஓடுகிறோம். யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கில் எங்கள் காணி 1990இல் இராணுவத்திடம் போனது. திருப்பித் தந்தபோது போய்ப் பார்த்தேன். ஆள் உயரத்துக்குப் பற்றை. கிணற்றை வைத்துத்தான் வீடு இருந்த இடத்தைக் கண்டுபிடித்தோம். படலை எங்கே இருந்தது என்பதில் எனக்கும் தங்கச்சிக்கும் இன்னும் சண்டை. இதெல்லாம் சைக்கிள் குழுவுக்குச் சம்பந்தமில்லாத கதை, தெரியும். நீங்கள்தான் கேட்டீர்கள்.

வேகத்தில் யார் முதல், எந்த ஏற்றத்தில் யாருக்குச் செயலி கிரீடம் கொடுத்தது என்பதில் எல்லாம் நான் தலையிடவில்லை. கிரீடத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

வருகிற ஞாயிறும் அதே வழியில்தான் போகிறேன். அந்தக் கமக்காரர் வீட்டு வாசலில் ஐந்து நிமிடம் நிற்பேன், விரும்பினால் நீங்களும் நிற்கலாம். முன்னால் போகிறவர்கள் திறந்துகொண்டு போங்கள், நான் கடைசியில் வருகிறேன். ஒரே ஒரு நிபந்தனை, எனக்குப் பின்னால் யாரும் படம் எடுக்க நிற்கக்கூடாது. மே மாதம் என்னிடம் ரியூப் கடன் வாங்கிய தம்பி அதையும் மறக்காமல் கொண்டுவரவும்.