"நம்பிக்கைதானே சார் எல்லாம்!"

பழைய கார் தேடி அலைந்ததில் ஐந்து ஞாயிற்றுக்கிழமை காலி. நான் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. நான்கு மீட்டருக்குள் அடங்குகிற சின்ன எஸ்.யு.வி., ஏழு லட்சத்துக்குள். அப்பாவுக்கு முழங்கால் வலி, குனிந்து உட்கார்கிற கார் ஆகாது. அவ்வளவுதான்.

இதுவரை ஒன்பது வண்டி பார்த்தாயிற்று. ஒன்பதும் சிங்கிள் ஓனர். அதில் ஆறு, டாக்டர் ஓட்டியதாம். சென்னையில் டாக்டர்கள் நோயாளியைப் பார்க்கிறார்களா, கார் வாங்கி விற்கிறார்களா என்றே சந்தேகம் வந்துவிட்டது. எல்லா வண்டியிலும் கிலோமீட்டர் மீட்டர் 40 ஆயிரத்தைச் சுற்றியே நிற்கிறது, பேசி வைத்த மாதிரி.

மூன்றாவது வாரம் பார்த்தது 2018 மாருதி பிரெஸ்ஸா, டீசல். "பேங்க் மேனேஜர் வண்டி சார், வீடு, ஆபீஸ், அவ்வளவுதான். 42 ஆயிரம்தான் ஓடியிருக்கு. ஒரு சின்ன இடி கூட கிடையாது" என்றார் புரோக்கர். ஏழு வருஷத்துக்கு 42 ஆயிரம் என்றால் மாசத்துக்கு 500 கிலோமீட்டர். மாசம் 500 ஓடவா ஒரு மனுஷன் கூடுதல் காசு கொடுத்து டீசல் வண்டி வாங்குவான்? பிரேக் பெடல் ரப்பர் வழுவழு என்று தேய்ந்திருந்தது. ஸ்டீயரிங்குக்கு மட்டும் புது உறை. டயரில் நாலு எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். பார்த்தால் போன வருஷத்து டயர். 42 ஆயிரத்துக்குள் நாலு டயரையும் மாற்றிய பேங்க் மேனேஜர் எப்படித்தான் ஓட்டினாரோ!

அப்புறம் டிரைவர் கதவைத் திறந்தேன். உள் ஓரத்தில் பாதி கிழிந்த ஒரு ஸ்டிக்கர். அடுத்த ஆயில் சேஞ்ச்: 1,10,000 கி.மீ.

கூப்பிட்டுக் காட்டினேன். மனுஷன் அசரவில்லை. "அது வேற வண்டிக் கதவு சார், மாத்தினது." சரி, கதவையே மாற்றுகிற அளவுக்கு இடி வாங்கிய வண்டியா என்று கேட்டதும் முகம் மாறிவிட்டது. "நம்பிக்கை இல்லேன்னா எதுக்கு சார் பழைய வண்டி பார்க்க வர்றீங்க? நம்பிக்கைதானே சார் எல்லாம்!"

எனக்கு வயிறு எரிவது இந்த வசனத்தில்தான். பொய் சொல்வது அவர்கள், கேள்வி கேட்டால் நாம் அற்பன். மெக்கானிக்கைக் கூட்டி வரட்டுமா என்றால் சந்தேகப் பிராணி. காலையில் குளிர்ந்த இன்ஜினை நானே ஸ்டார்ட் செய்து பார்க்கிறேன் என்றால், நாம் போவதற்குள் ஓடவிட்டுச் சூடாக்கி வைத்திருப்பார்கள். சர்வீஸ் பில் கேட்டால் "தொலைஞ்சு போச்சு". தொலையாமல் இருப்பது டோக்கன் அட்வான்ஸ் கேட்கிற ஞாபகம் மட்டும்தான்.

இன்னொன்று, மேடவாக்கம் பக்கம். வெளியே கண்ணாடி மாதிரி மின்னியது. கதவைத் திறந்ததும் சென்ட் வாசனை மூக்கைத் துளைத்தது. கூட வந்த மெக்கானிக் அண்ணன் ஒன்றும் பேசாமல் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தார். மேலே கறுப்பாக இருந்த பட்டை, உள்ளே சுருண்டிருந்த பாகத்தில் காவி நிறம், நடுவில் கோடு போட்ட மாதிரி. ஸ்டெப்னியைத் தூக்கினார். குழியின் மூலையில் காய்ந்த சேறு. சீட்டுக்கு அடியில் போல்ட் எல்லாம் துரு. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் குளித்த வண்டியோ, வேறு எந்த மழையோ. இதை வாங்கிப் போனால் இன்றைக்கு ஓடும், ஆறு மாசத்தில் ஒயரிங் ஒவ்வொன்றாகச் செத்துத் தொலையும். "கார் வாஷ் தண்ணி சார்" என்றார் ஓனர். கார் வாஷில் சேறு எங்கிருந்து ஐயா வந்தது?

பேப்பர் கதை தனி. ஒரு வண்டியில் ஆர்.சி.யில் பேங்க் கடன் அப்படியே நிற்கிறது. கடன் தீர்ந்ததைக் காட்டுகிற பேங்கின் என்.ஓ.சி.யும் படிவம் 35-ம் எங்கே என்றால், "முதல்ல வண்டியை எடுத்துட்டுப் போங்க, அப்புறம் பார்த்துக்கலாம்." இன்னொருவர் ஓனர் மாற்றுகிற படிவம் 29, 30-ல் கையெழுத்து மட்டும் போட்டுத் தருவாராம், பெயர் மாற்றத்தை நான் "மெதுவா" செய்துகொள்ளலாமாம். அவர் பெயரிலேயே வண்டி ஓடி யார் மேலாவது இடித்தால் நஷ்டஈடு அவர் தலையில்தான் விடியும். ஆர்.சி.யில் இருப்பவர்தான் ஓனர் என்று 2018-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இதைச் சொன்னால் சிரிக்கிறார். சொந்தத் தலைக்கே பயப்படாதவரிடம் நான் என்ன பேச?

ஒரு ஃபோர்டு ஈகோஸ்போர்ட் மட்டும் மனசுக்குப் பிடித்தது, மறைமலை நகரில் செய்த வண்டி. ஓனர் பில்களை ஃபைல் போட்டு வைத்திருந்தார், கேட்காமலே ஒரு பம்பர் மாற்றியதைச் சொன்னார். ஃபோர்டு 2021-ல் கடையைக் கட்டுவதாகச் சொன்னதால் பார்ட்ஸுக்கு அலைய வேண்டுமோ என்று நான் இரண்டு நாள் யோசித்தேன். அதற்குள் விற்றுவிட்டது. அந்த ஒரு விஷயத்தில் தப்பு என் மேல்தான்.

நேற்று இரவு போனில் ஒரு புது விளம்பரம். அதே பிரெஸ்ஸா. பின் பம்பரில் இருந்த அதே கீறல். டிரைவர் கதவைத் திறந்து வைத்துப் படம் எடுத்திருக்கிறார்கள், ஸ்டிக்கர் இருந்த இடம் பளிச்சென்று இருக்கிறது. மீட்டரில் 38 ஆயிரம். பேங்க் மேனேஜரைக் காணோம். இப்போது அது டாக்டர் வண்டி.